கொஞ்ச நேரம் லைன்ல இருங்க

ஜூன் எட்டாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, பள்ளியின் முதல் மாடியில் இருக்கும் இரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவிலிருந்து ஒரு சுவர்க் கடிகாரம் ஜன்னல் வழியாக வெளியே வந்து, சைக்கிள் நிறுத்தத்தின் தகரக் கூரைமேல் விழுந்தது. கூரைக்குக் கீழே ஓவிய ஆசிரியர் தன் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

கடிகாரத்தை வீசியவளுக்கு ஏழு வயது. பள்ளியில் அவளுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. வீட்டில் கடுகு. பிறந்தபோது எடை குறைவு, குரல் அதிகம் என்பதால் தாய்மாமன் வைத்த பெயர்.

மறுநாள் நாலு மணிக்குத் தாயும் மகளும் வர வேண்டும் என்று தலைமையாசிரியை போனில் சொன்னார்.

"பென்சிலைத் தூக்கி எறியறது வேற, கடிகாரம் வேற. கீழ ஆள் இருந்திருக்காங்க. ஏன் செஞ்சான்னு அவ வாயால சொல்லணும். காரணம் தெரியாம திரும்ப வகுப்புல உக்கார வெச்சா, அடுத்தது என்ன பறக்கும்னு நான் காவல் காக்க முடியாது."

"சொல்லலைன்னா மேடம்?"

"இந்த டேர்ம் முழுக்க வீட்லயே இருக்கட்டும். பாடத்தை அனுப்பிடறோம்."

வகுப்பு ஆசிரியைக்கும் அதிகம் தெரியவில்லை. மணி பார்க்கும் பாடம் நடந்துகொண்டிருந்தது. கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கி, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு முள்ளைத் திருப்பச் சொல்லியிருக்கிறார். கடுகின் முறை வந்தபோது ஏதோ கேட்டாள், பிள்ளைகள் சிரித்தார்கள், கடிகாரம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் திறக்கவில்லை.

போன வாரம் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அம்மா அப்பாவோடு போனில் பேசினாள். அப்பா கப்பலில் இன்ஜின் அறை மெக்கானிக். "கொஞ்ச நாள்ல வந்துடறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு ஏறியவர். இந்த மாதக் கடைசியில் இறங்க வேண்டியவர். அவருடைய இடத்துக்கு ஏற வேண்டிய ஆள் வரவில்லை, அக்டோபர் ஆகும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதைக் கடுகிடம் சொல்லும் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டு, பத்திரமாக வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு வீட்டிலிருந்து வேலை. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் ஒரு கம்பெனியின் புகார் மையத்தில் இருக்கிறாள். ஹாலின் மூலையில் மேசை, காதில் ஹெட்செட். முன்பின் தெரியாதவர்களின் கோபத்தைத் தணிப்பதில் அவளுக்கு நல்ல பெயர். வாய்க்கு வந்தபடி கத்திக்கொண்டு வருகிறவர், போகும்போது "நல்லா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பார்.

காலை இடைவேளையில் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நீ ரொம்ப கோபமா இருந்திருக்கே. அது எனக்குப் புரியுது."

கடுகு தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஏற்பட்ட கஷ்டத்துக்கு நான் வருத்தப்படறேன். என்ன ஆச்சுன்னு முதல்லேருந்து சொன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து..."

"அடுத்து மாடல் நம்பர் கேப்பே."

"என்னது?"

"வருத்தப்படறேன்னு சொல்லிட்டு மாடல் நம்பர்தானே கேப்பே. தினம் கேக்கறேனே."

படுக்கையறை வாசலில் சிரிப்புச் சத்தம். மாமா எழுந்துவிட்டார். அம்மாவின் தம்பி. சாலையில் வெள்ளைக் கோடு போடும் குழுவில் வேலை. வண்டிகள் அடங்கிய பிறகுதான் அவர்களுக்குத் தெரு கிடைக்கும் என்பதால் பகலில் தூங்குபவர். முழங்கை வரை சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளை பெயிண்ட்.

"கொல்லன் தெருவுல வந்து ஊசி விக்கறியே அக்கா. அவ உன் மேசைக்கு அடியில வளந்தவ."

"நீ வாய மூடு. நாலு மணிக்கு ஸ்கூல்ல நிக்கணும். நீ கேளேன், உன்கிட்டயாவது சொல்றாளா பாப்போம்."

மாமா குனிந்தார். "கடுகு, மாமா காதுல மட்டும் சொல்லு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீ இன்னும் பல்லு தேய்க்கலை."

"அதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

கடுகு சிரிக்கவில்லை. எழுந்து சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவின் மேசையில் விளக்கு எரிந்தது. அடுத்த அழைப்பு. வாஷிங் மெஷினிலிருந்து புகை வருகிறது என்று ஒருவர் அலறினார். அவரை அம்மா கொஞ்ச நேரத்தில் சாந்தப்படுத்தினாள்.

மாமா பல் தேய்த்துவிட்டு வந்தபோது மேசைக்கு அடியில் ஓர் அலுவலகம் திறந்திருந்தது. கடுகின் தலையில் அம்மாவின் பழைய, ஒரு காது செத்துப்போன ஹெட்செட். அதன் ஒயர் முனை ஒரு செருப்புக்குள் செருகப்பட்டிருந்தது. செருப்புதான் கம்ப்யூட்டர்.

மாமா ஒரு கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தார்.

"ஹலோ, புகார் மையமா?"

"வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. சொல்லுங்க சார்."

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் ராத்திரி பூரா முனகுதுங்க."

செருப்பைத் தட்டினாள். "எத்தனை வயசு?"

"எனக்கா, ஃப்ரிட்ஜுக்கா?"

"ஃப்ரிட்ஜுக்கு."

"ஆச்சுங்க, உங்களைவிட மூத்தது."

"தனியா நிக்குதா?"

"தனியாத்தான் நிக்குது, பாவம்."

"அதான். பக்கத்துல ஒரு ஸ்டூல் போடுங்க. அப்புறம் முனகாது. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

ஹாலின் மூலையில் அம்மா தன் ஹெட்செட்டின் ஒரு காதை விலக்கி வைத்திருந்தாள்.

சாப்பாட்டு இடைவேளை வந்ததும் டிவி ரிமோட்டை எடுத்துக்கொண்டு மேசைப் பக்கம் வந்து தரையில் அமர்ந்தாள். மாமா தட்டோடு சுவரோரம் நகர்ந்துகொண்டார்.

"ஹலோ, புகார் மையமா? எங்க வீட்டுக் கடிகாரம் ஒண்ணு ஜன்னல் வழியா வெளியே போயிடுச்சுங்க. ஏன்னு தெரியணும்."

"கடிகாரம் எங்க கம்பெனில கிடையாது மேடம்."

கடுகு போனை வைத்துவிட்டாள். மாமா தட்டுக்குள் முகத்தைப் புதைத்தார். அம்மா மறுபடி ரிமோட்டை அழுத்தினாள்.

"ஹலோ, எங்க வாஷிங் மெஷினுக்குள்ள என்னமோ சுத்திட்டே இருக்கு. என்னன்னு வெளிய சொல்ல மாட்டேங்குது."

கடுகு செருப்பை இரண்டு முறை தட்டினாள்.

"கொஞ்ச நேரம் லைன்ல இருங்க மேடம்."

பிறகு கடுகு முனக ஆரம்பித்தாள். கம்பெனி அழைப்புகளில் காத்திருப்பவருக்காக ஒலிக்கும் அதே இசை. அதில் வரும் கரகரப்புகூட விட்டுப்போகவில்லை.

அம்மா காத்திருந்தாள். முனகல் முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவளுடைய தட்டு மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தது.

"ஏங்க..."

"காத்திருந்ததற்கு நன்றி மேடம். இன்னும் கொஞ்ச நேரம்." மறுபடி இசை.

அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. இடைவேளை கரைகிறது, நாலு மணி நெருங்குகிறது, பிள்ளை மேசைக்கு அடியில் உட்கார்ந்து ராகம் பாடுகிறது. அவள் குரல் உயர்ந்தது. அது விளையாட்டுக் குரல் இல்லை.

"எவ்வளவு நேரம்தாங்க நிறுத்தி வெப்பீங்க?"

"கொஞ்ச நேரம் மேடம்."

"கொஞ்ச நேரம்னா எவ்வளவு? கால் மணியா, அரை மணியா? சொல்லித் தொலைங்களேன்!"

முனகல் நின்றது.

"தெரியாது மேடம்," என்றாள் கடுகு. "அது கடிகாரத்துல இல்ல."

"இல்லையா?"

"நான் தேடிப் பாத்துட்டேன். கால் இருக்கு, அரை இருக்கு, முக்கால் இருக்கு. கொஞ்ச நேரம் எங்க இருக்குன்னு மிஸ்ஸைக் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க."

மாமாவின் கை தட்டில் நின்றது.

மேசைக்கு அடியில் புகுந்து பிள்ளையை வாரி எடுக்க வேண்டும் போல் அம்மாவுக்கு இருந்தது. ஆனால் இத்தனை வருட வேலையில் ஒன்று தெரியும். பேச ஆரம்பித்த அழைப்பை வெட்டக் கூடாது. ரிமோட்டைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"அப்புறம் என்ன ஆச்சுங்க?"

"கோபம் வந்துது."

"எங்கேருந்து வந்துது?"

"வயித்துலேருந்து. அப்புறம் கைக்கு வந்துது. கையில கடிகாரம் இருந்துது."

"சரி. கொஞ்ச நேரத்தை எதுக்குத் தேடினீங்க?"

கடுகு செருப்பைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"அதைச் சொல்லக் கூடாது மேடம். அது எங்க அம்மாவோட ரகசியம்."



"அவங்க ரகசியம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" அம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது.

"ரகசியம் பேசணும்னா அவங்க குழாயைத் திறந்துவிடுவாங்க. அன்னிக்கு நடுவுல தண்ணி நின்னுபோச்சு. ‘அவகிட்ட இப்ப சொல்லாதீங்க, கொஞ்ச நாள் போகட்டும்’னு சொன்னாங்க. அப்பாவும் கொஞ்ச நாள்னுதான் சொன்னார். ரெண்டும் ஒரே கொஞ்சமான்னு எனக்குத் தெரியலை."

ஏன் அவள் பள்ளியில் வாய் திறக்கவில்லை என்பது அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கேட்ட கேள்விக்குக் காரணம் சொல்லப் போனால் அம்மாவைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

அம்மா ரிமோட்டைக் கீழே வைத்தாள். குனிந்து, மேசையில் தலை இடித்துக்கொண்டு, உள்ளே போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஹெட்செட்டை எனக்குக் குடு. இப்ப நீ கூப்பிடு."

இடம் மாறிக்கொண்டார்கள். கடுகு ரிமோட்டைக் காதில் வைத்தாள்.

"ஹலோ. எங்க அப்பா எப்ப வருவார்?"

"கொஞ்..." அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹெட்செட்டைக் கழற்றினாள். "அக்டோபர். இந்த மாசக் கடைசில வரலை. எனக்குப் போன வாரமே தெரியும். சொன்னா அழுவியேன்னு சொல்லலை."

"சொல்லலைன்னாலும் அழுதேன்."

"எப்போடி?"

"பாத்ரூம்ல. குழாயைத் திறந்துவிட்டுட்டு."



"இனிமே ரெண்டு பேரும் குழாயை மூடிட்டே அழுவோம்," என்றாள் அம்மா.

"தண்ணியாவது மிச்சம்," என்றார் மாமா சுவரோரத்திலிருந்து.

"அம்மா, அழுகை வருது."

"வரட்டும். வந்ததை வாசல்லயே நிக்க வெச்சா அது எங்கடி போகும்?"

வந்தது. அம்மாவின் தோளில் ஒரு பக்கம் முழுக்க நனைந்தது. ஹாலின் மூலையில் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. சூப்பர்வைசரிடமிருந்து திரையில் ஒரு செய்தி வந்து நின்றது. மாமா போய்ப் படித்துவிட்டு, "வயித்து வலின்னு தட்டிவிடவா அக்கா?" என்று கேட்டார்.

"பொய் வேண்டாம். பொண்ணுகூடப் பேசிட்டிருக்கேன், இன்னும் பத்து நிமிஷம்னு தட்டு."

அழுகை அடங்கிய பிறகு அம்மா சொன்னாள்.

"கோபம் வந்தது தப்பில்ல. எனக்கும் இப்ப வந்துது, பாத்தியே. ஆனா அது கைக்கு வந்துடுச்சுன்னா, கையில இருக்கறதை முதல்ல கீழ வெச்சுடணும். அங்க கீழ யார் நின்னுட்டிருந்தா தெரியுமா?"

"யாரு?"

"உங்க டிராயிங் சார்."

கடுகின் முகம் மாறியது. "அவர் மேலயா விழுந்துச்சு?"

"கூரைமேல விழுந்துச்சு. கூரை இல்லாம இருந்திருந்தா?"

அவள் அதைப் பற்றிச் சிரிக்காமல், அழாமல், நெடுநேரம் யோசித்தாள். ஓவிய ஆசிரியர் அவளுக்குப் பிடித்தவர். யானைக்குப் பச்சை நிறம் அடித்தபோதும் திட்டாதவர்.

நாலு மணிக்குப் பள்ளி அலுவலகத்தில் உதவியாளர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மேடம் பேசிட்டிருக்காங்க. கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க."

கடுகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா பார்வையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டாள். இருவருக்கும் அடக்கிய சிரிப்பில் தோள் குலுங்கியது.

உள்ளே தலைமையாசிரியையின் மேசைமேல் அந்தக் கடிகாரம் இருந்தது. கண்ணாடி உடைந்திருந்தது. முள் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லும்மா. ஏன் வீசினே?"

கடுகு கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தரையை.

"அது வந்து மேடம்..." என்று அம்மா தொடங்கினாள்.

"நீங்க இருங்க. அவதான் சொல்லணும்னு போன்லயே சொன்னேன்."

அறையில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. தலைமையாசிரியை தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கொடுமைக்காரர் இல்லை. ஆனால் அவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

அம்மா வலது கையைக் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நீட்டிக் காதருகே வைத்துக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது.

"ஹலோ, புகார் மையமா?"

தலைமையாசிரியை துடைப்பதை நிறுத்தினார்.

"ஹலோ? கேக்குதுங்களா?"

"... வணக்கம்," என்றாள் கடுகு, மிக மெல்ல. "சொல்லுங்க மேடம்."

"இங்க ஒரு பெரிய மேடம் உக்காந்திருக்காங்க. கடிகாரத்தைப் பத்தி அவங்களுக்கு ஒரு புகார். ரகசியம் எதுவும் இல்லைங்க, எல்லாமே சொல்லலாம். லைன் குடுக்கட்டுமா?"

கடுகு அம்மாவின் முகத்தைச் சரிபார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

தலைமையாசிரியை கையைக் காதுக்குக் கொண்டுபோகவில்லை. "நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

கடுகு சொன்னாள். கப்பலைச் சொன்னாள், குழாயைச் சொன்னாள், கால், அரை, முக்காலைச் சொன்னாள். கோபம் வயிற்றிலிருந்து கைக்கு வந்த வழியையும், கையில் இருந்ததைக் கீழே வைக்காமல் விட்டதையும் சொன்னாள். "டிராயிங் சார் அங்க இருந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வீசியிருப்பேனான்னு யோசிச்சேன். வீசியிருக்க மாட்டேன்."

தலைமையாசிரியை உடைந்த கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

புதனும் வியாழனும் கடுகு வீட்டில் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை அதே வகுப்புக்கு வரலாம் என்று முடிவானது. அதற்கு முன் ஓவிய ஆசிரியரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை அவள் அன்றே செய்தாள். அவர், "நல்லவேளை, தலை தப்பிச்சுது. உள்ள ஒண்ணும் இல்லைன்னாலும் எனக்கு அது வேணும்" என்றார்.

அன்று மாலை அப்பாவின் போன் வந்தது. அம்மா அதை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அக்டோபர்னு அவகிட்ட சொல்லிட்டேன். பக்கத்துலதான் இருக்கா."

மறுமுனையில் இன்ஜின் சத்தம் மட்டும் வந்தது.

"ஸ்பீக்கரை அணைச்சுட்டுக் கொஞ்சம் தள்ளி வாயேன். ஒரு விஷயம் சொல்லணும்."

சமையலறை பக்கத்தில்தான் இருந்தது. குழாயும் அங்கேதான் இருந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.

"இங்கேயே சொல்லுங்க."

"அக்டோபர் இல்ல. ஜனவரி."

கடுகு எழுந்து படுக்கையறைக்குப் போனாள். தலையணை சுவரில் மோதும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. மாமா எழப் போனார். அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சத்தம் நின்றது. கடுகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து போனுக்கு எதிரே அமர்ந்தாள்.

"ஜனவரி எத்தனாம் தேதிப்பா?"

"அது இன்னும் தெரியலைடா கண்ணு."

"எப்ப தெரியும்?"

"கொஞ்ச நாள்ல..."

"அது கடிகாரத்துல இல்லப்பா. காலண்டர்லயும் இல்ல."

அப்பா சொன்னார்: "வியாழக்கிழமை. வியாழக்கிழமை கூப்பிட்டுத் தேதி சொல்றேன்."

"சரி. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

மாமா வாய்விட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார், ஏன் என்று தெரியாமலே. அம்மா சிரிக்கவில்லை. அக்டோபர் என்று சொன்னது கம்பெனி. ஜனவரியும் கம்பெனி சொன்னதா, அவரே எடுத்த முடிவா என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை கடுகு தேதி தெரியாமலே பள்ளிக்குப் போனாள்.